கொல்லைப்புறத்துச் செம்பருத்தி

காவிரியாறு கல்லணையைக் கடந்தபின் பற்பல கிளைகளாய்ப் பிரிந்து பாயும் தஞ்சைத் தரணியில், எந்த ஊரின் எந்தத் தெருவில் நுழைந்தாலும் நமது கண்ணுக்குத் தப்பாத செடி ஒன்று உண்டு. நெல்லைப்போல அது எவருக்கும் சோறு போடுவதில்லை. தென்னையைப்போல வருமானம் தருவதுமில்லை. மல்லிகையைப்போல மணம் வீசி வழிப்போக்கரை நிறுத்துவதுமில்லை. ஆயினும் ஓட்டு வீடானாலும் கூரை வீடானாலும், கிணற்றடியிலோ, கொல்லை வேலியிலோ, துணி துவைக்கும் கல்லின் ஓரத்திலோ அது தன் பச்சை இலைகளுக்கிடையே சிவந்த பூக்களை விரித்து நிற்கும். அதுவே செம்பருத்தி.

இத்துணைப் பழகிய செடியைப்பற்றி எழுத என்ன இருக்கிறது என வாசகர்கள் வினவலாம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியவர் எழுத்தறியாத ஒரு மூதாட்டி. அவரைப்பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடங்குவது முறையாகாது.

வாடும் பூ வேண்டாம் என்றோம்

2014ஆம் ஆண்டு, டெல்டாவின் கடைமடைப் பகுதியில் உள்ள சிற்றூர்ப் பங்கு ஒன்றில் நாம் பொறுப்பேற்றோம். அங்கு நாள்தோறும் காலைத் திருப்பலிக்கு முதலில் வந்து சேர்பவர் அந்தப் பாட்டி. வயலில் நாற்றுப் பறித்தும் நடவு நட்டும் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய கைம்பெண். வரும்போது அவர் கையில் பாதி விரிந்த செம்பருத்திப் பூக்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். அவற்றை மாதா சுரூபத்தின் பாதத்தில் வைத்துவிட்டு, தூணருகே தமது வழக்கமான இடத்தில் அமர்ந்துகொள்வார்.

மாலைச் செபமாலைக்கு நாம் கோவிலுக்குள் வரும்போது அந்தப் பூக்கள் சுருண்டு, கொழகொழவென்று பீடத்துணியில் சிவப்புக் கறையுடன் ஒட்டிக் கிடக்கும். கோவிலின் தூய்மையில் நமக்குச் சற்று மிகையான கண்டிப்பு உண்டு. ஒருநாள் பாட்டியை அழைத்து, “பாட்டி, இனிமேல் வாடாத பூவாகக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் வேண்டாம்” என்று சொல்லிவிட்டோம். அவர் தலையை அசைத்துவிட்டுப் போனார். அடுத்த நான்கு நாள் திருப்பலிக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் நாமே அவர் வீட்டுக்குச் சென்றோம். கோபமோ வருத்தமோ காட்டாமல் பாயை விரித்துப் போட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: “இது சாயங்காலம் வாடிப்போயிடும்னு எனக்குந் தெரியுஞ் சாமி. வெலைக்கு வாங்குற பூவுக்கு எங்கிட்ட காசில்ல. இது தெனம் புதுசாப் பூக்குது. காலையில பூத்தத காலையிலேயே குடுத்துடலாம்னுதான் கொண்டாந்தேன்.”

நமக்கு மறுமொழி வரவில்லை. பீடத்துணியின் கறையைப் பார்த்த கண், கொடுத்தவரின் கையைப் பார்க்கத் தவறிவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினோம். மறுநாள் பாட்டி வந்தார், பூவும் வந்தது. மாதாவின் பாதத்தில் ஒரு சிறு பித்தளைத் தட்டை வைத்தோம், துணியும் தப்பியது. அன்று முதல் அந்தச் செடியைப்பற்றி அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலும் நம்முள் எழுந்தது. பல ஆண்டுகளாகப் படித்தும் கேட்டும் நட்டும் பட்டும் அறிந்தவற்றை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பெயரும் குலமும்

செம்பருத்தி என்னும் பெயர் ‘சிவந்த பருத்தி’ எனப் பொருள்படும். பழைய அகராதிகளில் செம்பரத்தை என்ற வடிவமும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தமிழர் செவ்வரத்தை என்பர். பருத்திக்கும் இதற்கும் என்ன உறவு என ஐயுறுவோர், இரண்டின் பூவையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும், ஐயம் அகலும். இரண்டும் ‘மால்வேசி’ என்னும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் முன்னோர் நுண்ணோக்காடியின்றியே இவ்வுறவைக் கண்டு பெயரிட்டிருப்பது வியத்தற்குரியது.

இக்குடும்பத்தின் உறுப்பினர் பலரை நாம் நாள்தோறும் சந்திக்கிறோம். குழம்பில் இடும் வெண்டைக்காய் இதன் உறவு. வாய்க்கால் கரையில் நிழல் தந்து நிற்கும் பூவரசும் உறவே. அதன் இலையைச் சுருட்டிப் பிள்ளைகள் பீப்பீ ஊதாத ஊர் நம் நாட்டில் இல்லை. வரப்போரத்துத் துத்தி, கீரையாகக் கடையும் புளிச்சை ஆகியவையும் இக்குலத்தவையே. சம்பா அறுவடைக்குப்பின் திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளில் நெல் தரிசில் விதைக்கும் பருத்தியும் இவர்களின் தமக்கைதான். அண்மைக் காலத்தில் தாவரங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்த அறிஞர், முன்பு தனிக் குடும்பமாக எண்ணப்பட்ட இலவ மரத்தையும், மிட்டாய்க்கு உதவும் கொக்கோ மரத்தையும்கூட இக்குடும்பத்திலேயே சேர்த்துள்ளனர்.

தாவரவியலார் செம்பருத்திக்கு இட்ட பெயர் ‘ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ்’ என்பதாகும். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இப்பெயர் இடம்பெற்றது. ‘சீனத்து ரோசா’ என்பது அதன் பொருள். ஆனால் இது ரோசாவும் அன்று; சீனம்தான் இதன் தாயகம் என்று உறுதியாகக் கூறவும் இயலாது. காட்டில் தானே முளைத்து வளரும் செம்பருத்தியை ஐயத்துக்கிடமின்றி எவரும் கண்டதில்லை. மிகப் பழங்காலத்திலேயே மனிதர் கைக்கு வந்து, கடல் கடந்து, நாடு நாடாகப் பரவிய செடி இது. மலேசிய நாடு 1960ஆம் ஆண்டில் இதனைத் தன் தேசிய மலராக ஏற்றது. அங்கு வாழும் நம் தமிழ் உறவினர் அந்நாட்டு நாணயங்களிலும் இம்மலரைக் கண்டிருப்பர்.

துறவியரும் தாவரங்களும்

இங்கே சிறிது வழி விலகிச் செல்ல வாசகர்கள் இசைவார்களாக. நம் நாட்டுச் செடிகொடிகளை உலகுக்கு அறிமுகம் செய்ததில் சமயப் பணியாளருக்குப் பெரும் பங்கு உண்டு. டச்சுக்காரரின் மலையாள நாட்டு ஆளுநராயிருந்த வான் ரீடு, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக வெளியிட்ட ‘மலபார்த் தோட்டம்’ என்னும் மாபெரும் நூலில் செம்பருத்தி அதன் மலையாளப் பெயரோடே இடம்பெற்றுள்ளது. அந்நூலுக்குச் செடிகளின் பண்புகளை எடுத்துரைத்தவர் இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர். அம்முயற்சிக்குத் தொடக்கத்தில் துணைநின்றவர், தூய யோசேப்பின் மத்தேயு என்னும் கர்மேல் சபைத் துறவி.

நமது சோழநாட்டுக் கடற்கரையிலும் இப்பணி நடந்தது. லின்னேயஸின் மாணவரான கோனிக் என்னும் மருத்துவர் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து ராட்லர் முதலிய லுத்தரன் மறைபோதகர்களும் இப்பகுதித் தாவரங்களைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினர். நம் காலத்துக்கு வந்தால், திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயேசு சபைக் குரு கே. எம். மத்தேயு 1967இல் ரப்பினா உலர்தாவர நிலையத்தை நிறுவினார். ஆயிரக்கணக்கான செடிகளைத் திரட்டி அழுத்தி உலர்த்திப் பாதுகாத்து, தமிழகத்துச் சமவெளித் தாவரங்களைப்பற்றி அவர் எழுதிய பெருநூலின் தொகுதிகள் 1981 முதல் வெளிவந்தன. 2004இல் அவர் இறைவனடி சேர்ந்தார். வரப்போரத்துப் புல்லுக்கும் ஒரு பெயரும் முகவரியும் உண்டு என்று எண்ணி வாழ்நாளைச் செலவிட்ட அக்குருவை நினைக்கும்போது, கோவில் வளாகத்துச் செடியின் பெயரைக்கூட அறியாதிருந்த நமக்கு நாணம் மேலிட்டது.

பூவைப் பிரித்துப் பார்ப்போம்

பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பெற்றோர் ஒரு செம்பருத்திப் பூவைப் பறித்து, பிள்ளைகளோடு அமர்ந்து பிரித்துப் பார்ப்பது நன்று. பெரிய பூ, உறுப்புகள் தெளிவாகத் தெரியும். ஒற்றைச் செம்பருத்தியாக இருக்கட்டும்.

பூவின் அடியில் மெல்லிய பச்சை இலைத்துண்டுகள் ஒரு வட்டமாக இருக்கும். இது புறப்புல்லி வட்டம். அதற்குமேல் ஐந்து பற்களையுடைய குவளைபோன்றது புல்லி வட்டம். அதற்குள் ஐந்து செவ்விதழ்கள், ஒன்றன் ஓரம் அடுத்ததன்மேல் படியுமாறு முறுக்கி அமைந்திருக்கும். மொட்டாக இருக்கையில் குடையைச் சுருட்டி வைத்ததுபோல் தோன்றுவதற்கு இம்முறுக்கே காரணம்.

பூவின் நடுவே நீண்டு வெளியே நிற்கும் தண்டைப் பாருங்கள். பலர் அதனை ஒரே உறுப்பு என எண்ணுவர். உண்மையில் அது ஒரு குழாய். பல மகரந்தத்தாள்களின் காம்புகள் ஒன்றாய் இணைந்து குழாயாகி, அதன் மேற்பகுதியில் மஞ்சள் நிற மகரந்தப் பைகளைச் சுமந்து நிற்கின்றன. அந்தக் குழாயின் உள்ளே ஒளிந்து செல்வது சூல்தண்டு. குழாயின் முனையைத் தாண்டி வெளிவந்ததும் அது ஐந்தாகப் பிரிந்து, வெல்வெட்டுப் பொட்டுப்போன்ற ஐந்து சூல்முடிகளாக முடிகிறது. அடியில் உள்ள சூலகத்தைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகள் தெரியும்.

அடுக்குச் செம்பருத்தியில் இந்த ஒழுங்கு மாறியிருக்கும். அங்கே மகரந்தத்தாள்களிற் பல, இதழ்களாக உருமாறிவிட்டன. கண்ணுக்கு அழகு கூடியது. விதை உண்டாக்கும் ஆற்றலோ குறைந்தது.

பிள்ளைகளுக்கு இன்னொரு வேடிக்கையும் காட்டலாம். சில சிவப்பு இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து, அச்சாற்றை இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் நிறம் பளிச்சென்று கருஞ்சிவப்பு இளஞ்சிவப்பாக மாறும். மற்றொன்றில் சவர்க்கார நீரை விட்டால் பச்சையாகும். அமிலத்தையும் காரத்தையும் காட்டிக்கொடுக்கும் இப்பண்பு, இதழிலுள்ள நிறப்பொருளுக்கு உரியது.

பூவின் ஆயுள் பெரும்பாலும் ஒரு பகல். விடியலில் விரிந்து அந்தியில் சுருங்கிவிடும். பறித்த பூவைத் தண்ணீரில் இட்டாலும் இடாவிட்டாலும் இதில் பெரிய வேறுபாடு இராது. ஆகவே பாட்டியின் பூ வாடியது அவர் கவனக்குறைவால் அன்று, அப்பூவின் இயல்பினால்.

விதையில்லாமல் வாழும் செடி

நம் வீட்டுக் கொல்லைகளில் உள்ள பழைய சிவப்புச் செம்பருத்தியில் காய் கண்டவர் உண்டா? பூ ஆயிரம் பூத்தாலும் காய் உண்டாவது மிக அரிது. தேன்சிட்டு வருகிறது, சில வேளைகளில் பூவின் வாய் வழியே புகாமல் அடிப்பகுதியை அலகால் துளைத்துத் தேனை அருந்திவிட்டும் போகிறது. ஆனால் தன் மகரந்தத்தையே தான் ஏற்று விதை கொள்ளும் இயல்பு இச்செடிக்குப் பெரும்பாலும் இல்லை. குரோமோசோம்களின் எண்ணிக்கையும் வகைக்கு வகை பெரிதும் மாறுபடுவதால், பூக்கள் கலந்தாலும் விதை பிடிப்பது கடினம்.

விதையில்லையேல் இத்தனை ஊர்களில் இது எவ்வாறு வாழ்கிறது? விடை எளியது. ஒருவர் கிளையை ஒடித்துக் கொடுக்கிறார். மற்றவர் வாங்கி நடுகிறார். ஒடித்து நட்ட கிளை தாய்ச்செடியின் பிள்ளையன்று, தாய்ச்செடியே ஆகும். ஒரு தெருவில் பத்து வீடுகளில் ஒரே செடியின் கிளைகள் நட்டு வளர்ந்திருந்தால், அங்கே நிற்பது பத்து இடங்களில் வேரூன்றிய ஒரே செடிதான். கொடுக்கும் கை ஓய்ந்தால் இதன் குலம் அத்துடன் முடிந்துவிடும்.

பூவைக் குறித்து நடந்ததை மறந்துவிட்டதற்கு அடையாளமாகவோ என்னவோ, பாட்டி நமக்கும் ஒரு கிளையைக் கொடுத்தார். அறைவீட்டின் பின்புறம், குளியலறைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நட்டோம். செடிக்குத் தண்ணீர் வேண்டுமே என்ற நினைப்பில் நாள்தோறும் இருவேளை குடம் குடமாக ஊற்றினோம். இருபது நாளில் அது அழுகிப்போயிற்று. பாட்டி பார்த்துச் சிரித்தார். “நெல்லு நடுற மாதிரி நட்டுட்டீங்களே சாமி” என்றார். மீண்டும் ஒரு கிளை கொடுத்து, மேட்டில் மண்ணைக் குவித்துத் தம் கையாலேயே நட்டார். அது பிழைத்தது. இரண்டாண்டில் ஆளுயரம் வளர்ந்தது. மன்னார்குடிப் பக்கமிருந்து வந்த உறவுக் குடும்பத்தினர் ஒருமுறை கேட்டபோது அதிலிருந்து இரண்டு கிளைகளை ஒடித்துக் கொடுத்தனுப்பினோம். அதனை அன்றே மறந்தும்விட்டோம்.

கஜா இரவு

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. அந்த இரவைக் கடந்தவர்களுக்கு நாம் விவரிக்கத் தேவையில்லை. பிள்ளைகளைப்போல் வளர்த்த தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. கூரைகள் பறந்தன. கோவிலுக்குள் தஞ்சம் புகுந்திருந்த மக்களோடு செபமாலை சொல்லிக்கொண்டே விடியும்வரை அமர்ந்திருந்தோம்.

காலையில் பார்த்தபோது, வளாகத்துப் பூவரசு வேரோடு பெயர்ந்து செம்பருத்தியின்மேல் விழுந்து கிடந்தது. பாட்டியின் குடிசை இருந்த இடத்தில் மண்சுவர் மட்டுமே நின்றது. அவர் கொல்லையில் நின்ற வேம்பு சாய்ந்து கிணற்றடிச் செடியை நசுக்கியிருந்தது. அரிசி, தண்ணீர், தார்ப்பாய் என்று அலைந்த அந்நாட்களில் பூச்செடியை எண்ண எவருக்கு நேரம்? பாட்டியும் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆனால் திருப்பலிக்கு வெறுங்கையோடு வந்தார். அது நம் கண்ணை உறுத்தியது.

மறு ஆண்டு ஆடியில் மன்னார்குடிப் பக்கத்துக் குடும்பத்தினர் நம்மைப் பார்க்க வந்தனர். அவர்கள் வீட்டுச் செம்பருத்தி வேலியாகவே வளர்ந்திருப்பதைச் சொன்னபோதுதான் நமக்கு நினைவு வந்தது. அடுத்த வாரமே சாக்குப்பையில் ஈரத்துணி சுற்றி ஒரு கட்டுக் கிளைகள் வந்தன. அவற்றுள் நான்கைப் பாட்டியிடம் கொடுத்து, அவை வந்த கதையைக் கூறினோம். ஒரு கிளையைக் கையிலெடுத்து இலையைத் தடவிப் பார்த்தார். “அப்ப இது எங்க வீட்டுச் செடிதானே சாமி?” என்றார். ஆம் என்றோம். தாவரவியலும் அதற்கு ஆம் என்றே சொல்லும்.

நடும் முறை

இனி, வளர்க்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்.

ஆடி, ஆவணி மாதங்களில் நடுதல் நன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இளங்கிளைகள் அழுகும். அப்பருவம் தவறினால் தை மாதத்தில் நடலாம். மிகவும் இளசாகவோ முற்றிக் கட்டையாகவோ இல்லாத, பென்சில் பருமனுள்ள கிளையைத் தெரிந்தெடுத்து, 15 சென்டிமீட்டர் நீளத்தில் மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு வெட்டுங்கள். அடிப்பகுதியை ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டவேண்டும். நுனியில் ஓரிரண்டு இலைகளை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்குங்கள். மணலும் மண்ணும் கலந்த பையில் இரண்டு கணுக்கள் புதையுமாறு ஊன்றி, நிழலில் வையுங்கள். ஈரம் இருக்கவேண்டும், நீர் தேங்கலாகாது. நான்கு முதல் ஆறு வாரங்களில் வேர் பிடிக்கும்.

நம் டெல்டாவின் மண் பெரும்பாலும் வண்டலும் களியும் ஆகும். நெல்லுக்குப் பொன்னான இம்மண், செம்பருத்தியின் வேருக்கு மூச்சுத் திணறலைத் தரும். ஆகவே ஒன்றரை அடி ஆழ அகலத்தில் குழி தோண்டி, எடுத்த மண்ணோடு மணலும் மக்கிய தொழுவெருவும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். தரைமட்டத்துக்கு மேல் ஓரடி மேடாக அமைத்து அதில் நடுங்கள். தனிச்செடிக்கு ஐந்தடி இடைவெளி வேண்டும். வேலியாயின் இரண்டு முதல் மூன்றடி போதும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமாக இருக்கட்டும். நிழலில் இலை தழைக்கும், பூ குறையும்.

புதுக்கிளையின் நுனியிலேதான் பூ வரும். எனவே மழைக்காலம் முடிந்ததும் தை, மாசியில் செடியில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். கழித்ததை எரியாமல், நல்ல துண்டுகளை அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொழுவெருவும் ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கும் இட்டால் போதும். கோடையில் அடியில் வைக்கோல் பரப்பி ஈரம் காக்கலாம். தண்டை ஒட்டிப் பரப்பவேண்டாம்.

மொட்டுகள் விரியாமல் உதிர்ந்தால், பெரும்பாலும் நீர் ஒருநாள் மிகுந்தும் மறுநாள் இன்றியும் போவதே காரணமாகும், பூச்சியும் காரணமாகலாம். இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. உவர் நீரும் களர் மண்ணும் உள்ள கடலோரப் பங்குகளில் இதை மிகுதியாகக் காணலாம். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து இலைமேல் தெளிக்கலாம். அத்தகைய மண்ணில் அடுப்புச் சாம்பலை இடலாகாது. களரை அது மேலும் கூட்டும்.

வெள்ளைப் பூச்சியின் பாடம்

செம்பருத்தியின் பெரும் பகை மாவுப்பூச்சி. இளங்கிளை நுனிகளில் பஞ்சு ஒட்டியதுபோல் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். இலைகள் சுருண்டு நுனி முடங்கும். அப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதனைச் செடிக்குச் செடி பரப்பும். அதன் பகைவர்களை அண்டவிடாமல் காக்கவும் செய்யும். எனவே எறும்பின் வரிசையைக் கண்டால் விழித்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்திலேயே கண்டால் பற்றிய நுனிகளை வெட்டி அழித்துவிட்டு, நீரை விசையாகப் பீய்ச்சினாலே பெரும்பகுதி நீங்கும். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சவர்க்காரக் கரைசலும் கலந்து மாலை வேளையில் தெளிக்கலாம். கடும் நஞ்சுகளை வீட்டருகே தெளிப்பது குழந்தைகளுக்கும் கோழிகளுக்கும் கேடு. நன்மை செய்யும் பூச்சிகளையும் அது கொன்றுவிடும்.

2008ஆம் ஆண்டில் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அயல்நாட்டுப் பூச்சி கோயம்புத்தூர்ப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகிய பயிர்கள் பெருஞ்சேதமுற்றன. வேலிச் செம்பருத்தியும் தப்பவில்லை. மருந்து தெளித்துத் தோற்றபின், 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகினும் சிறிய குளவியினங்கள் தருவிக்கப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டன. அவை மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனை அழித்தன. சில மாதங்களிலேயே பெருந்தொல்லை அடங்கிற்று. பேராற்றலால் ஆகாததைக் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் செய்து முடித்தது.

இதில் மற்றொரு பாடமும் உண்டு. ஊரெங்கும் ஒரே செடியின் கிளைகளே இருந்தால், ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் அதே வலிமையோடு தாக்கும். ஆகவே பழைய சிவப்போடு வெள்ளை, மஞ்சள், அடுக்கு என வேறு இரண்டொரு வகைகளையும் வளர்ப்பது அறிவுடைமை.

பயனும் எச்சரிக்கையும்

இதன் இலையிலும் பூவிலும் உள்ள கொழகொழப்பு தலைமுடி அலசுவதற்கு ஏற்றது. நம் பெண்மக்கள் இதை நன்கறிவர். இதழைத் தேய்த்துக் காலணிக்கு மெருகேற்றும் வழக்கத்தால் இதற்குச் சப்பாத்துப் பூ என்றும் பெயர் வந்தது. கடைகளில் ‘செம்பருத்தித் தேநீர்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் இச்செடியன்று. புளிச்சைக் கீரையின் நெருங்கிய இனமொன்றின் புளிப்புப் புல்லிகளே அவை. வைத்தியம் என்று எண்ணி எவரும் தாமாகவே பூவை அளவின்றி உட்கொள்ளல் வேண்டா. குறிப்பாகக் கருவுற்ற தாய்மார் மருத்துவரைக் கேளாமல் கொள்ளலாகாது.

பள்ளி வளாகங்களிலும் சிறுபிள்ளைகள் உள்ள வீடுகளிலும் வேலிக்கு அரளியை நட்டிருப்பதைப் பலவிடங்களில் காண்கிறோம். செவ்வரளியும் மஞ்சள் அரளியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையவை. அவ்விடங்களில் செம்பருத்தியை வைத்தால் அழகும் இருக்கும். அன்னையருக்கு அச்சமும் இராது. அரளியை உண்ட ஐயம் எழுந்தால், நாட்டு மருந்து தேடி நேரம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

முடிவாக

பாட்டி 2021இல் இறைவனிடம் சென்றார். அடக்கத்தன்று அவருடைய பேரன் மாலையோடு நில்லாமல், கிணற்றடிச் செடியில் அன்று காலை பூத்திருந்த பூக்கள் அனைத்தையும் பறித்து வந்து பெட்டியின்மேல் வைத்தான். மாலையாவதற்குள் அவை வாடின. எவரும் குறை சொல்லவில்லை.

நாம் இப்போது தஞ்சைக்கு அண்மையிலுள்ள வேறொரு பங்கில் பணியாற்றுகிறோம். மாற்றலாகி வரும்போது நூல்களோடும் துணிமணிகளோடும் ஈரச்சாக்கில் சுற்றிய ஐந்து கிளைகளும் வந்தன. அவற்றுள் மூன்று பிழைத்துக் கெபியின் இருபுறமும் நிற்கின்றன. இப்பங்கின் மக்களில் எட்டுக் குடும்பங்கள் இதுவரை கிளை வாங்கிச் சென்றுள்ளன.

அன்பு வாசகர்களே, வரும் ஆடியில் உங்கள் கொல்லைச் செடியிலிருந்து ஒரு கிளையை வெட்டி, செடியில்லாத ஒரு வீட்டுக்குக் கொடுங்கள். மேட்டில் நடச் சொல்லுங்கள். நாளை உங்கள் செடி விழுந்தால், அந்த வீட்டில் அது உங்களுக்காக நின்றுகொண்டிருக்கும்.